மலையேறும்போது கிலுகிலுப்பைப் பாம்பு எதிரே வந்தால்

கலிபோர்னியாவில் வெயில் ஏறத் தொடங்கியதும் மலைப் பாதைகளில் கிலுகிலுப்பைப் பாம்புகளும் தலைகாட்டும். ஃப்ரீமான்ட் பக்கம் மிஷன் பீக் ஏறுகிறவர்களுக்கு இது புதிதல்ல. இளவெயில் நாட்களில் பகலிலேயே பாதையில் படுத்துக் குளிர்காயும். கோடை உச்சத்தில் பெரும்பாலும் அந்தி சாய்ந்தபின் நடமாட்டம். அதனால் மாலை நடைக்கு டார்ச் அவசியம்.

வாலை ஆட்டி எச்சரிக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். பல நேரம் சத்தமே போடாது. குட்டிக்கு ஒலி எழுப்பும் அளவுக்கு வால் வளையங்களும் இருக்காது, ஆனால் விஷம் உண்டு. இரண்டு காதிலும் இயர்போனை மாட்டிக்கொண்டு நடப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கீழே கிடக்கும் மரத்தை ஒரேயடியாகத் தாண்டாமல், அதன்மேல் ஏறி நின்று அந்தப் பக்கம் பார்த்துவிட்டு இறங்குங்கள். பாறை இடுக்கில் பார்க்காமல் கை வைக்க வேண்டாம். நாயைக் கயிற்றிலேயே வைத்திருங்கள்.

எதிரே பார்த்துவிட்டால் நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள். போட்டோவுக்காக நெருங்குவதும் குச்சியால் தள்ளுவதும் வேண்டாத வேலை.

கடித்துவிட்டால் உடனே அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள். மோதிரம், கைக்கடிகாரத்தை வீக்கம் வருமுன் கழற்றிவிட்டு, கடிபட்டவரை அசையாமல் உட்கார வையுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, சினிமாவில் பார்த்த எதுவும் கூடாது. விஷமுறிவு மருந்து மருத்துவமனையில்தான் இருக்கிறது.