டீசல் புகைத் துகளின் வேதிப் பகுப்பாய்வு: ஃபில்டரில் தொடங்கி கணக்கு வரை

டீசல் துகளில் உள்ள எல்லாவற்றையும் ஒரே ஃபில்டரில் அளக்க முடியாது. எடைக்கும் உலோகங்களுக்கும் டெஃப்லான், கார்பனுக்குக் குவார்ட்ஸ் இழை. டெஃப்லானிலேயே கார்பன் இருக்கிறது. குவார்ட்ஸ் தொட்டாலே உதிரும், அதை எடை போட்டுப் பயனில்லை. ஆகவே டைலூஷன் டனலுக்கு (புகையைச் சுத்தமான காற்றோடு கலந்து நீர்க்கச் செய்யும் குழாய்) பின் குழாயைப் பிரித்து, இரண்டு 47 மி.மீ. ஃபில்டர்களிலும் ஒரே சமயத்தில் மாதிரி எடுங்கள். ஃபில்டர் முகப்பு வெப்பநிலை 47±5°C-ல் நிற்க வேண்டும். அது குறைந்தால் ஆவியாக இருக்கும் ஹைட்ரோகார்பன்கள் ஃபில்டரில் படியும். கூடினால் துகளில் இருப்பதும் ஆவியாகிப் போய்விடும்.

குவார்ட்ஸை முன்கூட்டியே மஃபிள் உலையில் 550°C-ல் பல மணி நேரம் சுட்டு, சுட்ட அலுமினியத் தாளில் பொதிந்து வையுங்கள். சுட்ட பிறகும் அறைக் காற்றில் உள்ள கரிம ஆவியை அது உறிஞ்சும், எனவே வெற்று ஃபில்டர்களையும் மாதிரியோடு கூடவே கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும். மாதிரி எடுத்ததும் ஃப்ரீசரில் −20°C. டெஃப்லானை 22±1°C-ல் ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் பதப்படுத்தி, நிலைமின்னேற்றத்தை நீக்கிய பிறகே எடை போடுங்கள். உலோகங்களுக்கான ஃபில்டரைப் பிளாஸ்டிக் இடுக்கியால் எடுங்கள். எஃகு இடுக்கி இரும்பையும் குரோமியத்தையும் விட்டுச் செல்லும்.

அதிகம் தவறு நடப்பது கார்பன் அளவீட்டில்தான். 1.5 ச.செ.மீ. துண்டை முதலில் ஹீலியத்தில் சூடாக்கும்போது கரிமக் கார்பன் (ஹைட்ரோகார்பன் போன்ற கரிமச் சேர்மங்களில் உள்ளது) வெளியேறும். பிறகு ஆக்சிஜன் கலந்ததும் தனிமக் கார்பன் (புகைக்கரி) எரியும். ஆனால் கரிமத்தின் ஒரு பகுதி ஹீலியத்திலேயே கரியாகிவிடும். அதைத் திருத்தத்தான் துண்டின் மேல் லேசர்: கரியால் மங்கிய ஒளி, கரி எரிந்து தொடக்க அளவுக்குத் திரும்பும் இடமே இரண்டுக்கும் எல்லை. துண்டு மிகவும் கருத்திருந்தால் லேசர் தொடக்கத்திலேயே அடிமட்டத்தில் கிடக்கும், அந்த எல்லை நம்பத்தக்கதல்ல. மாதிரி நேரத்தைக் குறைத்து மறுபடி எடுப்பதே வழி. எரிபொருளில் உலோகச் சேர்க்கை இருந்தால், ஹீலியம் கட்டத்திலேயே தனிமக் கார்பன் எரியத் தொடங்கும். நியோஷ் 5040, இம்ப்ரூவ் என்ற இரண்டு அளவீட்டு நெறிமுறைகளின் வெப்பப் படிகளும் வேறு, முடிவுகளும் வேறு. எதைப் பின்பற்றினீர்கள் என்று எழுதாத எண் பயனற்றது. கருவியைச் சரிபார்க்க, லிட்டருக்கு 10 கிராம் சுக்ரோஸ் கரைசலில் 10 மைக்ரோலிட்டரைச் சுட்ட துண்டில் விட்டு உலர்த்துங்கள்: 42.1 மைக்ரோகிராம் கார்பன் வர வேண்டும்.

பிஏஎச் (பல வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்) சேர்மங்களுக்கு, பிரித்தெடுக்கும் முன்பே டியூட்டீரியம் ஏற்றிய உள்தரங்களை (இழப்பைக் கணக்கிட உதவும், அளவு தெரிந்த சேர்மங்கள்) சேர்த்து, சாக்ஸ்லெட்டில் (கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பிரித்தெடுக்கும் கருவி) டைகுளோரோமீத்தேனில் 16 மணி நேரம். பல வளையங்கள் கொண்ட பெரிய சேர்மங்களைப் புகைக்கரி இறுகப் பிடித்துக்கொள்ளும், அவற்றுக்கு டொலுயீனே மேல். நைட்ரஜன் ஓட்டத்தில் செறிவாக்கும்போது முழுக்க உலர விடாதீர்கள். முதலில் போவது நாப்தலீன். பழுப்புக் குப்பியில் வையுங்கள். நிஸ்ட் (அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம்) தரும் எஸ்ஆர்எம் 2975 என்ற ஒப்பீட்டு டீசல் துகளையும் அதே முறையில் ஓட்டி, எவ்வளவு மீண்டு வருகிறது என்று பாருங்கள்.

சல்ஃபேட், நைட்ரேட்டுக்கு நீரில் பிரித்தெடுத்து அயன் குரோமட்டோகிராபியில் (அயனிகளைப் பிரித்து அளக்கும் முறை) அளங்கள் (டெஃப்லானில் நீர் ஒட்டாது, முதலில் சில துளி ஆல்கஹால்). உலோகங்களை அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் துத்தநாகம், கால்சியம், பாஸ்பரஸ் தெரிந்தால் அவை பெரும்பாலும் என்ஜின் ஆயிலிலிருந்து வந்தவை; இரும்பு தெரிந்தால் என்ஜின் தேய்மானம்.

கடைசியில் கூட்டிப் பாருங்கள்: தனிமக் கார்பன், கரிமக் கார்பன் × 1.2, அயனிகள், உலோகங்கள். கூட்டல் தராசு எடையை மிஞ்சினால், குவார்ட்ஸ் உறிஞ்சிய ஆவியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டெஃப்லானுக்குப் பின்னால் வைத்த இன்னொரு குவார்ட்ஸில் வரும் கரிமக் கார்பனைக் கழித்துவிட்டு மறுபடி கூட்டுங்கள். மாறாக, தராசு எடை கூட்டலை மிஞ்சினால் சல்ஃபேட்டோடு ஒட்டிய நீரைத் தேடுங்கள்.