கிறிஸ்து பிறப்பு ஐகான் வரைதல்: தொடக்க நிலையினருக்கு

கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ மரபில் கிறிஸ்துவின் வாழ்க்கை நிகழ்வுகளை வரைவோர் ஒவ்வொன்றுக்கும் புதிய அமைப்பைத் தேடுவதில்லை. தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் அமைப்பையே பின்பற்றுகிறார்கள். ஆகவே முதன்முறை வரைபவர் நல்ல பழைய ஐகான் (வழிபாட்டுக்குரிய புனிதப் படம்) ஒன்றின் கோட்டோவியத்தை அப்படியே படியெடுப்பது நல்லது. சொந்தக் கற்பனைக்கு அவசரமில்லை.

கணுவில்லாத, நன்கு உலர்ந்த மரப்பலகையில் மெல்லிய துணியை ஒட்டி, சுண்ணக்கட்டித் தூளும் விலங்குப் பசையும் கலந்த வெதுவெதுப்பான குழம்பை 8 முதல் 10 முறை மெல்லியதாகப் பூசவும். உலர்ந்தபின் உப்புத்தாளால் வழவழப்பாகும் வரை தேய்க்கவும்.

அடுத்து கோட்டோவியம். நடுவே மலையும் அதில் கருங்குகையும் அமையும். குகை வாயிலில் மரியாள் சிவப்பு விரிப்பில் சாய்ந்திருப்பார். அவருடைய மேலாடையில் நெற்றியிலும் இரு தோள்களிலும் மூன்று நட்சத்திரங்களைக் குறிக்கவும். குழந்தை கிடக்கும் முன்னணை (தீவனத் தொட்டி) கல்லறைப் பெட்டியின் வடிவிலும், சுற்றிய துணி பிரேதச் சீலை போலவும் இருப்பது தற்செயலன்று. பிறப்பிலேயே சிலுவை மரணத்தை நினைவூட்டுவதற்காகவே இப்படி வரைகிறார்கள். முன்னணை அருகே வரையும் மாடும் கழுதையும் நற்செய்தி நூல்களில் இல்லை. பழைய ஏற்பாட்டின் ஏசாயா 1:3-ஐ ஒட்டி இடம்பெற்றவை. கீழே ஒரு மூலையில் யோசேப்பு கவலையோடு உட்கார்ந்திருக்க, மறு மூலையில் மருத்துவச்சிகள் குழந்தையைக் குளிப்பாட்டுகிறார்கள். ஒரே படத்தில் குழந்தை இருமுறை வருவதைப் பிழையென்று எண்ணி ஒன்றை நீக்கிவிட வேண்டாம். ஞானிகள், மேய்ப்பர்கள், தேவதூதர் ஆகியோருக்கு மலைச்சரிவுகளில் இடம் ஒதுக்கினால் போதும்.

ஒளிவட்டங்களுக்குத் தங்கத்தாளை (மிக மெல்லிய தங்கத் தகட்டை) வண்ணத்துக்கு முன்பே ஒட்ட வேண்டும். முட்டைக்கரு கலந்த வண்ணத்தின் மேல் தாள் தாறுமாறாக ஒட்டிக்கொள்ளும். ஒளிவட்டம் வரும் இடத்தில் செம்மண் பூச்சிட்டு, அதன் மேல் வாயால் ஆவி ஊதி ஈரப்படுத்தியதும் தாளைப் படிய வைக்கவும்.

இனி வண்ணம். மஞ்சள் கருவை வெள்ளையிலிருந்து பிரித்து, கைமாற்றி உருட்டி ஈரம் போக்கி, மேல்சவ்வை விரல்களால் பிடித்துக் கீழே குத்தினால் கரு மட்டும் கிண்ணத்தில் ஒழுகும், சவ்வை எறிந்துவிடலாம். சம அளவு நீரும் சில துளி வினிகரும் சேர்த்து, நீரில் அரைத்த நிறமித் தூளுடன் கலக்கவும். சிறிதளவைக் கண்ணாடியில் தடவிக் காயவிட்டு பிளேடால் சுரண்டிப் பாருங்கள்: தோல்போல உரிந்தால் கலவை சரி, பொடியாக உதிர்ந்தால் கரு போதவில்லை.

இம்மரபில் முகம் இருளிலிருந்து ஒளிக்குச் செல்லும். முதலில் கரும்பச்சை கலந்த பழுப்பை முழுமுகத்துக்கும் பூசி, அதன்மேல் காவி நிறத்தை அடுக்கடுக்காக ஒளியூட்டிக்கொண்டே வந்து, நெற்றி, மூக்கு, கன்ன எலும்பு ஆகியவற்றில் மட்டும் நுண்ணிய வெண்கோடுகளை இடவும். வெளியிலிருந்து விழும் வெளிச்சத்துக்கான நிழல்களை வரைய வேண்டாம்.

பெயர் எழுதாதவரை ஐகான் நிறைவுறாது என்பர். குழந்தையின் ஒளிவட்டத்துக்குள் சிலுவையையும், 'இருக்கிறவர்' எனப் பொருள்படும் மூன்று கிரேக்க எழுத்துகளையும் எழுதவும். வரைந்தவர் முகப்பில் கையொப்பமிடுவது வழக்கமில்லை.

வண்ணம் சில வாரங்கள் இறுகிய பின், காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைப் பரப்பி, அது பிசுபிசுக்கத் தொடங்கும்போது மிகையானதை உள்ளங்கையால் வழித்தெடுத்து, தூசு படாத இடத்தில் படுக்கைவசமாக உலர்த்தவும்.