கிரிப்டோவில் பணம் வாங்கும் செயலி: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

கார்டில் பணம் வாங்கினால், 'வந்துவிட்டது' என்று சொல்ல நடுவில் ஒரு வங்கி இருக்கிறது. கிரிப்டோவில் அந்தப் பொறுப்பு நம் கோடின் தலையில் விழுகிறது. எதைப் பார்த்து ஆர்டரை 'பெய்டு' என்று குறிப்பது? குளறுபடிகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

மெம்பூலில், அதாவது உறுதியாகாத பரிவர்த்தனைகளின் காத்திருப்பு வரிசையில், டிரான்சாக்‌ஷன் தலைகாட்டியதுமே பொருளை டெலிவரி செய்துவிடுவார்கள் சிலர். அது இன்னும் எந்த பிளாக்கிலும், அதாவது பிளாக்செயின் பதிவேட்டின் எந்தப் பக்கத்திலும், ஏறவில்லை. அனுப்பியவர் கட்டணத்தைக் கூட்டி, அதே காயினை வேறு முகவரிக்குத் திருப்பிவிடலாம். பிட்காயினில் இதற்கு ஆர்பிஎஃப் (ரீப்ளேஸ்-பை-ஃபீ) என்று பெயர். நெட்வொர்க்கே அனுமதிக்கும் வசதி. ஒரு பிளாக்குக்குச் சராசரி 10 நிமிடம். பணம் ஏறிய பிளாக்கையும் அதற்குமேல் சேரும் ஒவ்வொரு பிளாக்கையும் ஒரு கன்ஃபர்மேஷன் என்று எண்ணுவார்கள். சின்னத் தொகைக்கு 1 கன்ஃபர்மேஷன், பெரிய தொகைக்கு 6 என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. எத்தீரியத்தில் ஃபைனலைஸ் ஆக, அதாவது இனி மாற்ற முடியாதபடி உறுதியாக, ஏறத்தாழ 13 நிமிடம். அங்கே இன்னொரு வம்பும் உண்டு: தோற்றுப்போன டிரான்சாக்‌ஷனும் பிளாக்கில் ஏறும். ரிசீட்டில் ஸ்டேட்டஸ் 1 (வெற்றி) தானா என்று பார்த்தே தீரவேண்டும். காத்திருக்கும் நேரத்தில் 'உங்கள் பணம் தெரிகிறது, உறுதியாகட்டும்' என்று திரையில் ஒரு வரி காட்டுங்கள். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் பதறிப்போய் இரண்டாம் முறை அனுப்பிவிடுவார்.

அடுத்தது தசமப் புள்ளி. இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். யுஎஸ்டிடி என்பது ஒரு டாலர் மதிப்பை ஒட்டி வைக்கப்படும் டோக்கன்; பல செயின்களில் (பிளாக்செயின்களில்) புழங்குகிறது. எத்தீரியத்திலும் டிரானிலும் அதற்கு 6 தசம இடங்கள். பிஎன்பி செயினில் புழங்கும் யுஎஸ்டிடி-க்கோ 18. உங்கள் கோடில் 6 என்று எழுதிவைத்துவிட்டு, பிறகு பிஎன்பி செயினையும் சேர்த்துவிட்டீர்கள் என்று வையுங்கள். ஒருவர் 0.000001 யுஎஸ்டிடி அனுப்புகிறார். செயினில் அது 1,000,000,000,000 யூனிட். உங்கள் கோடு அதைப் பத்து லட்சத்தால் வகுக்கிறது. அவர் கணக்கில் பத்து லட்சம் டாலர் ஏறிவிடுகிறது! டெசிமல்ஸை ஒவ்வொரு செயினுக்கும், ஒவ்வொரு கான்ட்ராக்டுக்கும் (செயினில் டோக்கனை இயக்கும் நிரல்) தனியாக வையுங்கள். தொகையை மிகச்சிறிய யூனிட்டில் முழு எண்ணாகவே சேமியுங்கள். 1 ஈதர் (எத்தீரியத்தின் நாணயம்) என்பது 10-இன் 18-ஆம் அடுக்கு வெய் (அதன் மிகச்சிறிய யூனிட்); ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண எண் 9007199254740991-ஐத் தாண்டினால் துல்லியம் போய்விடும். பெரிய முழு எண்களுக்கான பிக்இன்ட் எதற்காக இருக்கிறது?

டோக்கனின் பெயரை நம்பவே கூடாது. யாரும் ஐந்து நிமிடத்தில் ஒரு கான்ட்ராக்ட் எழுதி அதற்கு 'யுஎஸ்டிடி' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். ஒப்பிட வேண்டியது கான்ட்ராக்ட் முகவரியை.

எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே முகவரியைக் கொடுத்தால் யார் கட்டியது என்று கண்டுபிடிக்க முடியாது. இன்வாய்ஸுக்கு ஒரு முகவரி என்பதே சரி. அதற்காகப் பக்கம் திறக்கும்போதெல்லாம் புதிது உருவாக்காதீர்கள். தொடர்ந்து 20 முகவரிகள் காலியாகக் கிடந்தால் பல வாலட்கள் அதற்குமேல் தேடாது. பணம் செயினில் இருக்கும், வாலட்டில் தெரியாது.

பிரைவேட் கீயை (பணத்தைச் செலவிடும் ரகசியச் சாவி) சர்வரில் வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். எக்ஸ்பப் (செலவிட முடியாத, முகவரிகளை மட்டும் உருவாக்கும் பொதுச் சாவி) மட்டும் வைத்தாலே முகவரிகளை உருவாக்கிக்கொள்ளலாம். ஆனால் 'டெஸ்ட் செய்யத்தானே' என்று அதன் கீழுள்ள ஒரே ஒரு சைல்டு பிரைவேட் கீயை (ஒரு முகவரிக்கான ரகசியச் சாவி) எடுத்து வெளியே விட்டால், எக்ஸ்பப்போடு அதைச் சேர்த்து மேலேயுள்ள பிரைவேட் கீயையே கணக்கிட்டுவிடலாம். ஒரு முகவரி போவதோடு நிற்காது, அதன் கீழ் உள்ள அத்தனையும் போகும்.

பேமென்ட் கேட்வே (பணம் வாங்கித் தரும் இடைச்சேவை) பயன்படுத்தினால், 'பணம் வந்தது' என்று அது நம் சர்வருக்கு அனுப்பும் வெப்ஹூக் செய்தியின் கையொப்பத்தைச் சரிபார்க்க மறக்காதீர்கள். ஒரே செய்தி இரண்டு முறை வரும் என்று எதிர்பார்த்தே எழுதுங்கள். நான் அப்படி எழுதாமல் ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை கிரெடிட் ஏற்றியிருக்கிறேன். சமாளிக்க ஒரு யுனிக் கான்ஸ்ட்ரெயின்ட் (ஒரே பதிவு இரண்டாம் முறை ஏறாமல் டேட்டாபேஸில் போடும் தடை) போதுமாக இருந்தது.

தொகை குறைவாக வருவது சகஜம், வாடிக்கையாளர் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு அனுப்பும். இத்தனை சதவீதம் வரை ஏற்பது, மீதியைக் கேட்பது, விலையை எத்தனை நிமிடம் பிடித்துவைப்பது எல்லாம் முன்பே முடிவாகட்டும். ரீஃபண்ட் கொடுக்கும்போது மட்டும், பணம் வந்த முகவரிக்கே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அது எக்ஸ்சேஞ்சின் பொது வாலட்டாக இருக்கலாம். அங்கே போய்ச் சேர்ந்த பணம் யாருடையது என்று அவர்களுக்கே தெரியாது. வாடிக்கையாளரிடம் முகவரி கேட்டு வாங்குங்கள், செயின் எது என்பதையும் சேர்த்து.