க்யூ.இ.டி. போடுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிரூபணம் முடிந்ததும் கடைசியில் க்யூ.இ.டி. என்று போடுவதில் ஒரு கெத்து இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது 'கொயிட் ஈஸிலி டன்' என்பதன் சுருக்கம் என்று நிஜமாகவே நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது மாணவர்கள் கிண்டலுக்குச் சொல்வது. லத்தீனில் 'க்வோட் எராட் டெமான்ஸ்ட்ராண்டம்', அதாவது எதைக் காட்ட வேண்டியிருந்ததோ அது. கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் கிரேக்கத்தில் எழுதிய முடிவு வாசகத்தின் மொழிபெயர்ப்புதான் இது.

வரைந்து காட்டும் கணக்குக்கும் இதையே போடுவது அடுத்த தவறு. யூக்ளிட்டின் முதல் புத்தகத்தில் முதல் மூன்றும் வரைதல் கணக்குகள் (முதலாவது, சமபக்க முக்கோணம் வரைவது), அவற்றுக்கு க்யூ.இ.எஃப்., 'எதைச் செய்ய வேண்டியிருந்ததோ அது'. க்யூ.இ.டி. நான்காவதில்தான் வருகிறது. இன்று இதற்கெல்லாம் யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள், சரி.

மார்க் போவது வேறு இடத்தில். நிரூபிக்க வேண்டியதையே முதல் வரியில் எழுதி, இரண்டு பக்கமும் எதையாவது செய்து, கடைசியில் உண்மையான ஒன்று வந்ததும் க்யூ.இ.டி. போட்டுவிடுவது! இப்படிப் போனால் 1 = -1 என்பதைக்கூட நிரூபிக்கலாம்: இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்தினால் 1 = 1, முடிந்தது கதை. இரண்டு மிகை எண்களின் கூட்டுச் சராசரி பெருக்குச் சராசரியைவிட (பெருக்கற்பலனின் வர்க்கமூலம்) குறையாது என்று காட்டச் சொன்னால், அவற்றின் வித்தியாசத்தின் வர்க்கம் 0-க்குக் குறையாது என்பதில் தொடங்குங்கள், இரண்டு பக்கமும் பெருக்கற்பலனின் 4 மடங்கைக் கூட்டுங்கள், வர்க்கமூலம் எடுத்து 2-ஆல் வகுங்கள். கேட்டது கடைசி வரியில் வந்து நிற்கும், க்யூ.இ.டி.க்கு இடம் அதுதான். ரஃப் நோட்டில் தலைகீழாக யோசிப்பது தப்பே இல்லை, விடைத்தாளில் திருப்பி எழுதினால் போதும்.

அப்புறம், நாலு எண் போட்டுப் பார்த்துவிட்டு க்யூ.இ.டி. போடாதீர்கள். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணையும் 41-ஐயும் கூட்டுங்கள். 0 முதல் 39 வரை ஒவ்வொன்றுக்கும் பகா எண்தான் வரும். 40-க்கு 1681, அது 41-இன் வர்க்கம்.

நிரூபண முடிவில் இப்போது பலரும் போடுகிற சின்னக் கறுப்புப் பெட்டி கணிதவியலாளர் பால் ஹால்மோஸ் கணிதத்துக்குக் கொண்டுவந்தது, பத்திரிகைகளில் கட்டுரை முடிவில் வைப்பதைப் பார்த்து எடுத்துக்கொண்டது. பெட்டி போட்டால் க்யூ.இ.டி. தேவையில்லை. கணிதம் தட்டச்சு செய்ய உதவும் லேடெக் மென்பொருளில் நிரூபணம் தனிவரிச் சமன்பாட்டில் முடிந்தால் பெட்டி அடுத்த வரிக்கு ஓடிவிடும். சமன்பாட்டுக்குள்ளேயே க்யூஇடிஹியர் கட்டளையைப் போட்டால் அதே வரியில் நிற்கும்.