'ஓவியரைப் பற்றி' பத்தி எழுதும்போது

கண்காட்சிக்குப் படம் அனுப்பினால் கூடவே உங்களைப் பற்றி ஒரு பத்தியும் கேட்பார்கள். "சிறு வயது முதலே ஆர்வம், இயற்கையே என் குரு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பலரும் அதைத்தான் எழுதுகிறார்கள், யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவருக்குப் பிரிவும் ஆண்டும் போதும். பட்டறையில் கற்றவர்கள்தான் எழுதத் தயங்குகிறார்கள். எதற்குத் தயக்கம்? யாரிடம் கற்றீர்கள், எந்த வேலையில் கை வைத்துத் தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள். தஞ்சாவூர் ஓவியம் என்றால் பலகையில் துணி ஒட்டுவது, மேடாகத் தெரிய மக்கு என்ற பசைக் கலவை வைப்பது, கல் பதிப்பது, தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டுவது என்று பல வேலை. எதையெல்லாம் நீங்களே செய்கிறீர்கள், எதை வெளியே கொடுக்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். விவரம் தெரிந்து வாங்குபவர் அதைக் கேட்காமல் விடமாட்டார். வெண்கலச் சிலை வார்க்கும் சுவாமிமலைச் சிற்பியானால், வார்ப்பு அச்சுக்காக மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டல் பூசுவதை ஒரு வரியில் எழுதினாலே ஊரும் தொழிலும் சேர்ந்து வந்துவிடும்.

வேலைப் பழக்கம் இரண்டு வரி போதும்: எந்த வெளிச்சத்தில் வரைகிறீர்கள், நேரில் பார்த்தா, போட்டோ வைத்தா.

தூண்டுதல் என்ற இடத்தில் "சோழர் கலை" என்று பொத்தாம் பொதுவாகப் போடாதீர்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியிலிருந்து 1931-ல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்களில், சுந்தரர் வெள்ளை யானையில் கயிலை போகும் காட்சிதான் உங்களை இழுத்தது என்றால் அதையே எழுதுங்கள். அச்சுப் பிரதியில் பார்த்ததுதானா? அப்படியே சொல்லுங்கள், தவறில்லை.