பகலில் வலை, ராத்திரி தவில்: வலிக்கிற கையோடு வேலை பார்க்கும் முறை

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பாம்பன், மண்டபம், தொண்டி என்று கரை நெடுக விசைப்படகு வலைகள் கரையேறி, கிழிசல் பொத்துகிற வேலை மும்முரமாக நடப்பது அப்போதுதான். சித்திரைத் திருவிழாக்களும் வைகாசி முகூர்த்தங்களும் அதே இரண்டு மாதத்தில் வந்து சேர்கின்றன. பகலில் வலைக்கூலிக்கு உட்கார்ந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் தவிலையோ நாகசுரத்தையோ தப்ஸையோ சர்ச் பேண்டு டிரம்மையோ எடுத்துக்கொண்டு கிளம்புகிறவருக்கு, வருஷத்தின் கனத்த வேலை இரண்டும் ஒரே கையில் விழுகிற காலம் இது. ஓலைப்பெட்டி முடைந்துகொண்டு கோயிலிலோ சர்ச்சிலோ ஆர்மோனியம் வாசிக்கிற பெண்களுக்கும் இதே கதைதான்.

வலை முடிச்சை இறுக்குகிற தசைநாரும் தவில் கழியைப் பிடிக்கிற தசைநாரும் ஒன்றே. "வலை வேலை நாலு மணி நேரம்தானே, வாசிப்பு ரெண்டு மணி நேரம்தானே" என்று தனித்தனியாகப் பார்த்தால் கணக்குத் தப்பும். மருந்துக்கு முன்னால் செய்ய வேண்டியது இரண்டையும் கூட்டிப் பார்ப்பது.

எந்த வலி என்று முதலில் பிரியுங்கள்

நம் ஊரில் எல்லாவற்றையும் "நரம்பு பிடிச்சிருக்கு" என்றுதான் சொல்வோம். ஆனால் வைத்தியம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு விரலால் தொட்டு, வலி எங்கே என்று காட்டிப் பாருங்கள்.

பெருவிரல் பக்கம் மணிக்கட்டில் வலி. பெருவிரலை மற்ற நாலு விரலுக்குள் மடக்கி, கையைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாய்த்தால் சுரீரென்று இழுக்கும். அங்கே ஒரு உறைக்குள் ஓடும் இரண்டு தசைநார்கள் உரசித் தடித்திருக்கின்றன. வலை ஊசி பிடிப்பவருக்கும், கைக்குழந்தை தூக்கும் தாய்க்கும் இது வரும்.

ராத்திரி தூக்கத்தில் பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்துப்போய், எழுந்து கையை உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டுக்குள் இருக்கும் குகைபோன்ற இடுக்கு வழியே ஒன்பது தசைநார்களும் ஒரு நரம்பும் போகின்றன. தசைநார்கள் வீங்கினால் நெரிபடுவது அந்த நரம்பு. சுண்டுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு, பெரும்பாலும் முழங்கையில் அழுந்துவது. முழங்கையைக் கட்டையில் ஊன்றி வலை பார்க்கிற பழக்கத்தை நிறுத்துங்கள்.

காலையில் விரல் மடங்கி மாட்டிக்கொண்டு, நீட்டினால் "டக்"கென்று விடுகிறதா? தசைநாரில் முண்டு விழுந்து, உள்ளங்கை ஓரத்து வளையத்தில் சிக்குகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம்.

மூடி திறக்கும்போதும் சாவி திருப்பும்போதும் பெருவிரலின் அடிமூட்டு வலித்தால் அது மூட்டுத் தேய்மானம். விரல் நுனியில் ஒரு கிலோ அழுத்தம் கொடுத்துக் கிள்ளினால் அந்த அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோ அளவுக்கு ஏறும். நுனியில் கொஞ்சம் குறைத்தாலும் அடியில் நிறையக் குறையும். கீழே சொல்லப்போகிற மாற்றங்களில் பாதிக்கு மேல் இதை வைத்துத்தான்.

இரண்டு கையும் ஒன்றாக வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் அது வேலையால் வந்ததாக இருக்காது. முடக்குவாதம் உண்டா என்று ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். அங்கே தாமதம் மூட்டையே தின்றுவிடும். வலியே இல்லாமல், வாசிக்கும்போது மட்டும் ஒரு விரல் தானாகச் சுருண்டு சொல்பேச்சுக் கேட்கவில்லை என்றால் சாதகத்தைக் கூட்டாதீர்கள். அது மூளை அனுப்பும் கட்டளையில் வரும் கோளாறு, அடித்து அடித்துப் பழகினால் முற்றும். நரம்பு மருத்துவரிடம் காட்டுங்கள். தோலில் உணர்ச்சியற்ற தேமலும் கை மரப்பும் சேர்ந்திருந்தால் தொழுநோய் பார்க்கச் சொல்லுங்கள். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், முழுதும் குணமாகும்.

கணக்குப் புத்தகம்

நாற்பது பக்க நோட்டு போதும். தினமும் மூன்றே எண்: வலை அல்லது ஓலை எத்தனை மணி, வாசிப்பு எத்தனை மணி, மறுநாள் காலை பல் தேய்க்கும்போது வலி பத்துக்கு எவ்வளவு. வேலை செய்யும்போது மூன்றுவரை வலித்து, காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு தாங்கும். நாலுக்கு மேல் போனாலோ, காலையிலும் இறங்காமல் நின்றாலோ அன்றைய மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். கூட்டும்போது வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தடைக்காலம் தொடங்கிய முதல் நாளே எட்டு மணி நேரம் உட்காருவதுதான் பலருக்கும் வினையாகிறது. பங்குனி கடைசி வாரத்திலிருந்தே தினம் ஒரு மணி நேரம் கிழிசல் பார்க்கத் தொடங்கினால் கை பழகிவிடும்.

இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை செல்போனில் மணி அடிக்க வையுங்கள். அடித்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு மூன்று நிமிடம் கையைத் தொங்கவிடுங்கள். வலித்த பிறகு எடுக்கும் ஓய்வு இன்னும் நீளும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கனத்த வலையைத் தொடவே வேண்டாம். கூலி போகுமே என்றால், அன்று நூல் சுற்றுவது, மிதவை எண்ணுவது மாதிரி கிள்ளிப் பிடிக்காத வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

வலையில் மாற்ற வேண்டியவை

ஒரு முடிச்சைக் கிட்டத்திலிருந்து பாருங்கள். ஊசி கண்ணிக்குள் கீழிருந்து மேலே வருகிறது. இடது பெருவிரலும் ஆள்காட்டியும் கண்ணியின் மூலையைக் கிள்ளிப் பிடிக்கின்றன. நூல் சுற்றி வந்ததும் வலது கை மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் ஒடித்து "வெடுக்"கென்று இழுக்கிறது. வினை அந்த ஒடிப்பில்தான். மணிக்கட்டை நேராக வைத்து முழங்கையைப் பின்னால் கொண்டுபோய் இழுத்தால் முடிச்சு அதே இறுக்கத்தில் விழும். முதல் இரண்டு நாள் வேகம் குறையும், பிறகு வந்துவிடும்.

வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு குனிந்து உட்காராதீர்கள். உட்கார்ந்தபடி முழங்கை உயரம் வரும் இடத்தில், தூணிலோ படகின் ஓரத்திலோ ஒரு கொக்கி அடித்து அதில் மாட்டுங்கள். வலையின் கனத்தைக் கொக்கி தாங்கினால் இடது கை கண்ணியைக் காட்டினால் போதும், தூக்கிப் பிடிக்க வேண்டாம்.

பிடி தடிமனாக இருந்தால் கிள்ளும் அழுத்தம் குறையும் என்பது பொதுவிதி. வலை ஊசிக்கு இது அப்படியே செல்லாது, ஏனென்றால் ஊசி கண்ணிக்குள் நுழைய வேண்டும். பெரிய கண்ணிக்கு மட்டும் ஊசியின் வால்பக்கத்தில் சைக்கிள் டியூப் பட்டையை இரண்டு சுற்று சுற்றலாம். சிறிய கண்ணிக்கு நூலைப் பாதியளவே ஏற்றுங்கள். நூல் நிறைந்து புடைத்த ஊசி ஒவ்வொரு கண்ணியிலும் உரசி, ஒவ்வொரு முறையும் கூடுதலாகத் தள்ள வைக்கிறது. தங்கூசி (ஒற்றை இழை நைலான்) வலையில் நூல் வழுக்குவதால் கை தானாக இறுக்கும். இடது ஆள்காட்டிக்குப் பழைய ரப்பர் கையுறையின் விரலை வெட்டி மாட்டினால் வழுக்காது, வெட்டும் படாது.

கத்திக்கு டியூப் சுற்றலாம், மூன்று சென்டிமீட்டர் குறுக்களவு வரும்வரை. தினமும் காலையில் சாணை பிடியுங்கள். மழுங்கிய கத்தியும் உப்பில் துருப்பிடித்த கத்தரிக்கோலும் கையைக் கெடுப்பதுபோல வேறெதுவும் கெடுப்பதில்லை.

ஓலை முடைவோருக்கு ஒன்றிரண்டு சொன்னால் போதும். காய்ந்த ஓலையோடு மல்லுக்கட்ட வேண்டாம். விரலில் சுற்றினால் ஒடியாமல் வளையும்வரை நனைத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்து, வேண்டியதை மட்டும் எடுங்கள். சாயல்குடிப் பக்கத்து வெயிலில் மதியத்துக்குள் ஓலை முறுகிவிடும். கொட்டானின் (ஓலைப்பெட்டியின்) அடியும் மூலையும் விரலுக்குப் பலம் கேட்கிற இடங்கள், அவற்றை விடியலில் முடித்துவிட்டு நேர்ப்பின்னலை மதியத்துக்கு வையுங்கள். ஓலையைக் கிழிக்க நகத்தைப் பயன்படுத்தாமல், கட்டையில் பதித்த ஊசிமுனையில் இழுங்கள்.

தவிலும் நாகசுரமும்

கடற்காற்றில் தோல் ஈரம் குடிக்கும். தோல் தொய்ந்தால் நாதம் இறங்கும். இறங்கிய நாதத்தை எழுப்ப, வாசிப்பவர் தன்னையறியாமல் ஓங்கி அடிப்பார். கொண்டல் வீசும் ராத்திரிகளில் கை அதிகம் வலிப்பதற்குக் காரணம் இதுதான். தவிலைத் தரையில் வைக்காமல் கம்பளியில் சுற்றிக் கொண்டுபோங்கள். மேடையேறுவதற்கு அரை மணி முன்பே நட்டை முறுக்கிச் சரிபார்த்து, ஒரு உருப்படி முடிந்ததும் மறுபடி தட்டிப் பாருங்கள். நட்டு முறுக்கும் வேலையைக் கூட வருகிற தம்பிகளிடம் கொடுங்கள். ஸ்பேனரைத் திருகிய கை உடனே வாசித்தால் முதல் கீர்த்தனைக்குள் இறுகிவிடும்.

தவிலின் வலப்பக்கம் வாசிக்கும் விரல்களில் கூடு மாட்டும்போது விரல் காலையில் ஒரு பருமன், வேர்த்து உப்பிய ராத்திரியில் ஒரு பருமன். காலையில் சரியாக இருந்த கூடு ராத்திரி நெரிக்கும், தொளதொள என்றிருந்தால் விழாமல் காக்க விரல் மடங்கியே நிற்கும். இரண்டு செட் வைத்துக்கொள்வது நல்லது. கழியை உள்ளங்கையோடு இறுக்காமல், அடித்ததும் அது தோலிலிருந்து தானாகத் துள்ளி வர விடுங்கள். வாசிப்பு முடிந்ததும் உள்ளங்கையில் கழியின் அச்சு ஆழமாகப் பதிந்திருந்தால் இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

தோளில் மாட்டும் வார் குறுகலாக இருந்தால் கழுத்துப் பக்கம் அழுத்தி, விரல் மரப்பை அங்கிருந்தே உண்டாக்கும். நாலு விரல் அகலத்துக்குப் பஞ்சு வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். ஊர்வலத்தில் நின்று வாசித்தாக வேண்டும். சாதகத்துக்கு உட்கார்ந்தே வாசியுங்கள்.

நாகசுரத்தில் கனம் தங்குவது கீழ்க்கைப் பெருவிரலில். உட்கார்ந்து சாதகம் செய்யும்போது மடியில் தலையணை வைத்து அணைசை (அடிநுனிப் புனலை) அதன்மேல் தாங்கக் கொடுங்கள். துளையை மூட எவ்வளவு அழுத்தம் போதும் என்பதற்கு ஒரு சோதனை: ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு விரலை மெல்ல மெல்லத் தளர்த்துங்கள். காற்றுக் கசியத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். பெரும்பாலானோர் அதைவிட மிக அதிகமாகவே அழுத்துகிறார்கள்.

பட்டை, வெந்நீர், மாத்திரை

ராத்திரி மரப்புக்கு மணிக்கட்டுப் பட்டை நல்ல பலன் தரும். கடையில் வாங்கும் பட்டையின் உள்ளே ஒரு அலுமினியத் தகடு இருக்கும். அது பெரும்பாலும் கையை மேல்நோக்கி வளைத்தே வருகிறது. தகட்டை உருவி, மேசையில் வைத்து நேராக்கிவிட்டு மறுபடி செருகுங்கள். வளைந்த பட்டை நரம்பை இன்னும் நெரிக்கும். தூங்கும்போது மட்டும், ஆறு வாரம், ஒரு விரல் நுழையும் தளர்வோடு கட்டுங்கள். பகல் முழுக்கக் கட்டினால் தசை இளைத்துப்போகும். பெருவிரல் பக்க வலிக்குப் பெருவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை வேண்டும். வெறும் மணிக்கட்டுப் பட்டை உதவாது. உப்பும் வேர்வையும் ஊறினால் புண் வரும், அடியில் பருத்தித் துணி சுற்றுங்கள்.

வாடைக்காலத்து விடியலில் விரல் விறைத்தால், பொறுக்கும் சூட்டு வெந்நீரில் பத்து நிமிடம் கையை முக்கி, தண்ணீருக்குள்ளேயே மடக்கி நீட்டுங்கள். வாசித்து வந்த ராத்திரி கை சூடாக வீங்கியிருந்தால் வெந்நீர் வேண்டாம். ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள், நேராகத் தோலில் வைக்காதீர்கள். சர்க்கரையால் உணர்ச்சி குறைந்தவர் இரண்டையும் மற்றவரிடம் காட்டிச் சூடு பார்த்தே செய்ய வேண்டும்.

சுளுக்கு எடுப்பவரிடம் முழங்கைக்குக் கீழே எண்ணெய் தடவி நீவிக்கொள்வதில் கெடுதல் இல்லை. மாட்டுகிற விரலையும் மரத்த மணிக்கட்டையும் முறுக்கி இழுக்க மட்டும் விடாதீர்கள்.

மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். திருவிழா பத்து நாளும் மெடிக்கலில் "வலி மாத்திரை ஒரு செட்" வாங்கி விழுங்குவது பல பேருக்குப் பழக்கம். பெயர் தெரியாத அந்தப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். வலி போகும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைக்கும் உடம்பில் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கைமூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் ஜெல்லைத் தடவுவது பாதுகாப்பு கூடியது. ஜெல் தடவிய இடத்தில் ஒத்தடம் கொடுக்கக் கூடாது.

தினமும் காலையும் ராத்திரியும் இந்த ஐந்து நிலை: விரல்கள் நேராக, மேல் இரண்டு கணுவை மட்டும் மடக்கிக் கொக்கியாக, முழு முட்டியாக, அடிக்கணுவில் மட்டும் மடக்கிக் கூரைபோல, நகம் மேலே தெரிய உள்ளங்கையைத் தொடுகிற தட்டை முட்டியாக. ஒவ்வொன்றிலும் மூன்று நொடி, மொத்தம் ஐந்து சுற்று. மரப்பு கூடினால் சுற்றைக் குறையுங்கள். வலி தணிந்த பிறகுதான் பலம் ஏற்றும் பயிற்சி. வீட்டைவிட்டுப் போக முடியாதவர்கள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியாளர் வருவது பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

எப்போது ஆஸ்பத்திரி

மீன் முள்ளோ சங்கு ஓடோ குத்திய விரல் முழுதும் வீங்கி, பாதி மடங்கி நின்று, நீட்டினால் உயிர் போகிறது என்றால் அன்றைக்கே போக வேண்டும். தசைநார் உறைக்குள் சீழ் ஏறுகிறது என்று அர்த்தம். மஞ்சள் பற்று போட்டு இரண்டு நாள் பார்ப்பது விரலையே பறித்துவிடும். சர்க்கரை, கல்லீரல் நோய் உள்ளவருக்குக் கடல்நீர்க் காயம் சிவந்து பரவினால் மணிக்கணக்கில்கூடக் காத்திருக்கலாகாது.

பெருவிரல் மேட்டுச் சதை வற்றினால், கையிலிருந்து பொருள் நழுவினால், பட்டை கட்டி ஆறு வாரம் ஆகியும் மரப்பு நின்றால், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் போங்கள். நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். "கை வலிக்குது" என்று நிறுத்தாமல், தவில் வாசிப்பவர், வலை பொத்துபவர் என்று இரண்டையும் சொல்லுங்கள். முடிந்தால் ஊசியையும் கழியையும் எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று காட்டுங்கள். வைத்தியம் அதைப் பொறுத்து மாறும்.

மணிக்கட்டு நரம்புக்கு ஆபரேஷன் என்று முடிவானால் கனத்த வேலைக்குத் திரும்ப ஆறிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு நாள் குறியுங்கள். தடைக்காலம் முடிந்ததும் வலை வேலை குறையும், ஆடியில் முகூர்த்தம் கிடையாது; கல்யாணச் செட்டுக்குப் போகிறவருக்கு ஆனிக் கடைசி தோதுப்படும். கோயில் சேவையில் இருப்பவருக்கு ஆடியில் விழா உண்டு, ஆகவே மாற்று ஆளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் தேதி கேளுங்கள்.