விபத்து அறிக்கை வாங்கும்போதும் சாலை விபத்துக் கணக்கைப் படிக்கும்போதும் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையில் மொபெட்டில் போகும்போது பின்னால் வந்த வேன் தட்டி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியவர் அவருடைய மருமகன். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். போலீஸ் கேஸ் என்று சொன்னால் வைத்தியம் தாமதமாகும் என்ற பயத்தில், "வண்டி சறுக்கி விழுந்துட்டாரு சார்" என்று சொல்லிவிட்டார் மருமகன். அந்த ஒரு வரி விபத்துப் பதிவேட்டில், அதாவது எல்லாரும் ஏ.ஆர். காப்பி என்று சொல்லும் தாளில், அப்படியே ஏறிவிட்டது. நான்கு நாள் கழித்து வேன் நம்பரோடு புகார் கொடுத்தார்கள், எஃப்.ஐ.ஆரும் பதிவானது. ஆனால் இழப்பீட்டு வழக்கில் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் முதலில் எடுத்து நீட்டியது அந்த ஏ.ஆர். காப்பியைத்தான். "தானே விழுந்தவருக்கு எங்கள் கட்சிக்காரர் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்?"

அந்த வழக்குக்காக அவர்களோடு அலைந்தவன் நான். அதற்குப் பிறகு தெரிந்த குடும்பங்கள் சிலவற்றுக்கும் துணைக்குப் போயிருக்கிறேன். தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. முதல் இரண்டு நாளில் தாளில் என்ன எழுதப்படுகிறதோ அதுதான் கடைசிவரை கூடவே வருகிறது. குடும்பத்தின் வழக்குக்கும் அதுதான் அடிப்படை, ஊரின் விபத்துக் கணக்குக்கும் அதுதான் அடிப்படை.

அதனால் மருத்துவமனையில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எந்த வண்டி, எந்தத் திசையிலிருந்து வந்தது, எந்த இடம், எத்தனை மணி. வண்டி எண் தெரியாவிட்டால் 'அடையாளம் தெரியாத வாகனம் மோதியது' என்று சொன்னால் போதும். போலீஸ் வருவதற்காக அவசர சிகிச்சை காத்திருக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சேர்க்கப்பட்டுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை உச்சவரம்புக்கு உட்பட்டு அரசே ஏற்கிறது. பயந்து பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

அடுத்த தவறு ஸ்டேஷனில் நடக்கிறது. புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கொடுப்பார்கள். அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு கேஸ் போட்டாச்சு என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது மட்டுமே. முதல் தகவல் அறிக்கை என்று தலைப்பிட்டு, குற்ற எண்ணும் சட்டப் பிரிவும் போட்டிருந்தால்தான் வழக்கு. 2024 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ நடந்த விபத்து என்றால் அதில் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவுகள் இருக்கும். அஜாக்கிரதையாக ஓட்டியதற்கு 281, காயத்துக்கு 125, உயிரிழப்பு என்றால் 106. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 337, 304-ஏ தேடிக் குழம்ப வேண்டாம். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ உடனே, காசில்லாமல் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். நகல் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். தேதி, நேரம், வண்டி எண், இடம் இந்த நான்கும் சரியா என்று பாருங்கள்.

சென்னையில் இன்னொரு குழப்பமும் உண்டு. பக்கத்தில் இருக்கும் சட்டம் ஒழுங்கு காவல் நிலையத்துக்கு நான்கு முறை நடந்துவிட்டு, பிறகுதான் கோப்பு போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவில் இருப்பது தெரியவரும். விசாரணை அதிகாரி யார், எந்தப் பிரிவு என்பதை முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்.ஐ.ஆர். மட்டும் போதும் என்று நினைப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. எஃப்.ஐ.ஆர். என்பது ஒருவர் சொன்ன புகார். விபத்து எப்படி நடந்தது என்பதைச் சொல்வது அதற்குப் பின்னால் வரும் தாள்கள்: பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்றிதழ், கடைசியில் குற்றப்பத்திரிகை. இவற்றில் மாதிரி வரைபடத்தை யாருமே கேட்பதில்லை. அது எஸ்.ஐ. கையால் வரையும் ஒரு பக்கப் படம்தான். சாலை எத்தனை அடி அகலம், சென்டர் மீடியனில் இடைவெளி எங்கே, வண்டி எந்தப் பக்கம் கிடந்தது, பக்கத்தில் கடையா கம்பமா என்று அதில் இருக்கும். பெரியவர் வழக்கில் அந்தப் படத்தில் மொபெட் சாலையின் இடது ஓரத்தில் கிடந்ததாகக் குறித்திருந்தார்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில் வேனின் முன் பம்பரின் இடது மூலையில் நசுங்கல் என்று இருந்தது. 'தானாக விழுந்தார்' என்ற வரிக்கு எதிராகப் பேசியது இந்த இரண்டு தாளும்தான்.

விபத்து வழக்கு ஆவணங்களைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவை வழியாகவும் எடுக்கலாம். அதற்கும் குற்ற எண், ஆண்டு, நிலையம் எல்லாம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

கெடு விஷயத்தில் அலட்சியமே கூடாது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளில் விரிவான விபத்து அறிக்கையையும் இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகள் அடங்கிய படிவம் 2-ஐப் பத்து நாளுக்குள் குடும்பத்திடம் கொடுக்க வேண்டும். கேட்காமல் இதெல்லாம் வீடு தேடி வரும் என்று இருந்துவிடாதீர்கள். எழுத்தில் கேளுங்கள், கேட்டதற்கு ரசீது வாங்குங்கள். இழப்பீட்டு மனுவுக்கு விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. கெடு தாண்டியதற்காக மட்டும் மனுவைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்திருக்கிறது. ஆனால் இடைக்கால உத்தரவை நம்பி ஒருவர் தன் வழக்கை ஒத்திப்போடக் கூடாது.

இடித்த வண்டி ஓடிவிட்டது, எண்ணும் தெரியவில்லை என்றால் பலரும் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். விட வேண்டாம். உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் தரும் மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. அதற்கும் எஃப்.ஐ.ஆர். வேண்டும்.

இனி கணக்கு. ஒரு விபத்தைப் போலீஸ் பதிவுசெய்யும்போது அது வழக்காக மட்டும் முடிவதில்லை. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஐராட் என்னும் தரவுத்தளத்தில் இடத்தோடு ஏறுகிறது. 2021-இல் சோதனை முறையில் தொடங்கியபோது தமிழ்நாடும் அதில் இருந்தது. எந்தச் சந்திப்பில் சிக்னல், எங்கே வேகத்தடை என்று முடிவெடுக்க அப்படிச் சேர்ந்த புள்ளிகள் உதவுகின்றன. குடியிருப்போர் சங்கங்கள் இந்தக் கணக்கைக் கையில் எடுக்கும்போது நடக்கும் தவறுகள் வேறு மாதிரி.

'விபத்து எண்ணிக்கை அதிகம், ஆகவே ஆபத்து அதிகம்' என்பது ஒன்று. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 கணக்கில் நாட்டிலேயே அதிக விபத்து தமிழ்நாட்டில்தான், 64,105. உயிரிழப்பு 17,884. அதே ஆண்டு உத்தரப் பிரதேசத்தில் விபத்து 41,746, உயிரிழப்பு 22,595. நூறு விபத்துக்கு இங்கே 28 பேர் இறந்தால் அங்கே 54 பேர். அங்கே சின்ன விபத்தே நடக்காமல் இருக்காது. இங்கே சிறு காயங்களும் கூடுதலாகப் பதிவாகின்றன என்பதே பொருத்தமான விளக்கம் என்று நினைக்கிறேன். உங்கள் ஊரின் இரண்டு காவல் நிலைய எல்லைகளை ஒப்பிடும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். இறப்பு, கொடுங்காயம், சிறு காயம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

'பிளாக் ஸ்பாட்' என்ற சொல்லையும் இஷ்டத்துக்குப் பயன்படுத்துகிறோம். தேசிய நெடுஞ்சாலையில் அதற்கு அளவுகோல் இருக்கிறது. சுமார் 500 மீட்டர் தூரத்துக்குள், மூன்று காலண்டர் ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ உள்ள விபத்து ஐந்து, அல்லது பத்து உயிரிழப்பு. இந்த அளவைக் காட்டி மனு எழுதினால் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். 'அடிக்கடி விபத்து நடக்கிறது' என்று எழுதினால் கோப்பில் வைத்துவிடுவார்.

மனுவை யாருக்கு எழுதுகிறோம் என்பதும் முக்கியம். மாநகராட்சி எல்லைக்குள் இருப்பதால் மாநகராட்சிச் சாலை ஆகிவிடாது. சென்னை அண்ணா சாலையே மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. சாலை யாருடையது என்று முதலில் உறுதிசெய்துகொண்டு, ஒரு பிரதியை மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவரான ஆட்சியருக்கும் அனுப்புங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கும்போது 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று கேட்பது வீண். அவர்களிடம் இருக்கும் பதிவைத்தான் கேட்க முடியும். விசாரணையில் இருக்கும் வழக்கின் தாள்களைக் கேட்டால் விசாரணைக்கு இடையூறாகும் தகவலைத் தர வேண்டாம் என்னும் 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுக்க வாய்ப்புண்டு. பெயர்களைக் கேட்காதீர்கள். நாங்கள் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி இப்படிக் கேட்டோம்: 'இன்ன மேம்பாலத்தின் இறக்கம் முதல் இன்ன பேருந்து நிறுத்தம் வரை, 2021 முதல் 2023 வரை பதிவான விபத்து வழக்குகளின் குற்ற எண், தேதி, நேரம், இடம், காயத்தின் வகை'.

வந்த பட்டியலில் பாதிக்கு மேல் இடம் என்ற கட்டத்தில் வெறும் 'ஜி.எஸ்.டி. சாலை' என்றுதான் இருந்தது. எந்த மீடியன் இடைவெளியில் ஆட்கள் அடிபடுகிறார்கள் என்று அதை வைத்துச் சொல்லவே முடியவில்லை. பெரியவரின் எஃப்.ஐ.ஆரும் அந்தப் பாதியில்தான் இருந்தது. இப்போதெல்லாம் யாருக்காவது புகார் எழுதிக் கொடுத்தால், பக்கத்து விளக்குக் கம்பத்தில் பெயின்டில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துவரச் சொல்லி, அதையும் சேர்த்து எழுதுகிறேன்.